பிரம்பும் மறக்கருணையும்

சிவஞான சித்தியாரில் ஒரு செய்யுள் உண்டு. பிரம்பைக் கீழே வைக்க மனமில்லாத ஆசிரியர் எவர் கண்ணிலாவது பட்டால், அதை ஃபிரேம் போட்டு ஸ்டாஃப் ரூமில் மாட்டிவிடுவார். பெற்ற பிள்ளை சொன்ன வழிக்கு வராவிட்டால் தாயும் தகப்பனும் அதட்டுவார்கள், குச்சியால் அடிப்பார்கள், கட்டிக்கூடப் போடுவார்கள். பார்க்கப்போனால் அத்தனையும் பரிவுதான். ஈசனுடைய கோபமும் அந்த வகையே என்பது அதன் கருத்து. அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாடியது. சைவர்கள் நாங்கள் இதை மறக்கருணை என்போம். அவன் தடவிக்கொடுத்தால் அறக்கருணை, தண்டித்தால் மறக்கருணை, இரண்டும் அருள்.

மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் எங்கள் சித்தாந்த வகுப்பில் ஐயா இந்தச் செய்யுளை நடத்தினார். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார். “இதத்தான்யா நாங்க அந்தக் காலத்துல செஞ்சோம். இன்னிக்கு அடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டான். பய அரிவாளத் தூக்கிட்டு வர்றான்” என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். நானும் ஆசிரியை, அரசுப் பள்ளிகளில் தமிழ் நடத்தியே தலை நரைத்தவள். என்னால் ஆட்ட முடியவில்லை. வகுப்பில் எழுந்து எதிர்வாதம் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

அடி நின்றது, அதனால் அரிவாள் வந்தது என்பது அவருடைய கணக்கு. அடி எப்போது நின்றது? தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்தி 2003-இல் உடல் தண்டனையை நீக்கினார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடம்பை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் சேர்த்தே தடை செய்தது. நின்றதெல்லாம் காகிதத்தில்தான். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். பெற்றவர்களும் அடிக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். “கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்” என்று சேர்க்கை நாளில் சொல்லிவிட்டுப் போகாத தாயை விரல்விட்டு எண்ணலாம். அதை அவர்கள் ஆசிரியருக்குச் செய்யும் மரியாதையாகவே நினைத்தார்கள்.

பிரம்பு போன இடத்துக்கு ஸ்கேல் வந்தது. ஸ்கேலைப் படுக்கை வாட்டில் அடித்தால் சத்தம் பெரிது, வலி கம்மி. குத்துவாட்டில் திருப்பி விரல் முட்டியில் வைத்தால் பக்கத்து வகுப்புக்குக் கேட்காது. கிருதா மயிரைப் பிடித்து மேலே தூக்குவதற்குக் கருவியே வேண்டாம், தழும்பும் இருக்காது. வெயிலில் முட்டி போடவைப்பதை அடி என்றே யாரும் சேர்ப்பதில்லை. இவையெல்லாம் சட்டம் வந்த பிறகு நான் கண்ணால் பார்த்தவை.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு, வாய்பாடு நேரம். “பதினாறு ஏழு?” எழுந்து நிற்கிறவன் கூரையைப் பார்க்கிறான். அடுத்தவன் மோட்டுவளையைத் துழாவுகிறான். மூன்றாவதாக ஒரு சிறுமி, “நூத்திப் பன்னெண்டு சார்.” உடனே உத்தரவு வரும்: “சொல்லாதவனுக்கெல்லாம் ஆளுக்கொரு கொட்டு வையி.” அவள் தயங்கித் தயங்கிப் போய் முதல் பையன் தலையில் விரல் முட்டியை வைத்து எடுப்பாள். “கொட்டுன்னா எப்படி இருக்கும்னு நான் காட்டவா?” என்று அவள் உச்சந்தலையிலேயே ஒன்று விழும். இரண்டாமவனுக்கு அவள் வைக்கிற கொட்டில் ‘ணங்’கென்று சத்தம் வரும். வகுப்பு சிரிக்கும். வாங்கியவனும் சிரிப்பான், அழுதால் அவமானம் என்று. மத்தியானம் சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கும்போது அவன் அவள் ஜடையைப் பிடித்து இழுப்பான். அவள் அண்ணன் எட்டாம் வகுப்பில் இருப்பான். சாயங்காலம் பள்ளி வாசலில் அண்ணன் வருவான். மறுநாள் பிரேயரில் தலைமையாசிரியர் ‘பிள்ளைகளிடம் பெருகிவரும் வன்முறை’ பற்றி மைக்கில் பேசுவார்.

விடை தெரிந்தவர் தெரியாதவரை அடிக்கலாம், வலிக்கும்படி அடிக்காதவரும் அடிபடுவார். பதினாறு ஏழு எவ்வளவு என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வருஷத்தில் மறந்துபோகும். இது மறக்காது.

எல்லார் மேலும் இந்தக் கை சரிசமமாக விழுந்திருந்தால் தலைமையாசிரியர் சொன்ன மறக்கருணையை நான் பாதியாவது ஒப்புக்கொண்டிருப்பேன். ஆசிரியர் இல்லாத பீரியடில் வகுப்புத் தலைவன் கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு எழுதும் பட்டியலைப் பாருங்கள். பேர் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி என்றால் மறுபடி பேசினான், மூன்று குறி என்றால் அடங்கவே இல்லை. தலைவனின் சிநேகிதன் பெயர் அதில் ஏறாது. ஏறினாலும் ஒரு பேனா ரீஃபிலுக்கு அழியும். எந்த ஊருக்கு மாறுதலாகிப் போனாலும் பட்டியலின் உச்சியில் ஒரே பையன்தான் இருந்தான். பெயர் வேறு, ஆள் அதே ஆள். அப்பன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருப்பான், அல்லது குடித்துக் கிடப்பான், அல்லது இல்லை. அம்மா செங்கல் சூளையிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பாள். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டு வர அந்த வீட்டில் ஆள் கிடையாது. ஊராட்சித் தலைவர் மகனும் பேசத்தான் செய்வான். அவனிடம், “தம்பி, அப்பா நல்லா இருக்காரா?” என்பார்கள்.

வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் இதைத்தான் எடுக்கிறார். கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அதை அடக்குகிறவனே அடக்கத் தெரிந்தவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால்தான் என்ன என்று கேட்டுவிட்டுப் போகிறார். மேலதிகாரி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பொறுமை என்று அவர் கணக்கில் வைக்கவில்லை. முப்பது வருஷம் இந்தக் குறளுக்குப் பொழிப்புரை எழுதவைத்து ஐந்து மதிப்பெண் போட்டோம். அது ஆசிரியர் அறைக்குள் வரவே இல்லை.

இனிச் சித்தியாருக்கு வருகிறேன். அந்தச் செய்யுள் ஈசனின் தண்டனையை நமக்கு விளங்கவைக்க வீட்டுப் பெற்றோரைக் காட்டுகிறது. தெரிந்ததைக் காட்டித் தெரியாததை விளக்குகிற முறை அது. அதைத் தலைகீழாகத் திருப்பி, ஈசன் அடிக்கிறான், ஆகவே நானும் அடிக்கலாம் என்று வாசிப்பதற்குப் பாட்டில் இடமில்லை. மேலும் அங்கே அடிபடுவது பெற்ற பிள்ளை, அடிக்கிறவருக்கே வலிக்கும். ஈசனுக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்பது சித்தாந்தத்தின் அரிச்சுவடி. வாத்தியாருக்கு உண்டு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் குறைந்தால் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டம் போட்டு, மாவட்டமே கேட்கத் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்திக் காய்ச்சுவார். அவர் பள்ளிக்குத் திரும்பி எங்களைக் காய்ச்சுவார். நாங்கள் மூன்றாம் பெஞ்சைக் காய்ச்சுவோம். மூன்றாம் பெஞ்சு கடைசி பெஞ்சை. மழைத்தண்ணீர் மாதிரி அது பள்ளம் பார்த்துத்தான் ஓடும். அதன் அடியில் நிற்கிற பிள்ளையிடம் போய், இது அருள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தலைமையாசிரியர் ஒரு சைவ நூலை எடுத்தார் என்றால், நான் இன்னொன்றை எடுக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது மதுரையில், புட்டுத்தோப்புக்குப் பக்கம். ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் அங்கே எழுந்தருளிப் புட்டுக்கு மண் சுமப்பார். கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு ஒருவன் வருகிறான். மண்ணைச் சுமக்காமல் ஆடுகிறான், பாடுகிறான், தின்றுவிட்டுத் தூங்குகிறான். அவனுக்கு அளந்துவிட்ட பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. கண்காணிகள் அரசனிடம் சொல்கிறார்கள். அரசன் பிரம்பை எடுக்கிறான். அடி அவன் முதுகில் விழ, அதே நொடியில் அரசன் முதுகிலும் விழுகிறது, அரசிமார் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், அங்கே நின்ற யானை குதிரை மேலும். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இதை மண் சுமந்த படலம் என்று பாடினார்.

இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. அரசன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஊர் முழுகப்போகிறது, இவன் வேலை செய்யவில்லை, புகார் பொய்யில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இதைவிட நல்ல காரணத்தோடு யாரும் பிரம்பெடுத்ததில்லை. அப்படியும் புராணம் அந்த அடியை நியாயப்படுத்தவில்லை. அடித்தவனுக்கும் வேடிக்கை பார்த்தவனுக்கும் ஒன்றும் அறியாதவனுக்கும் அதைப் பங்கு வைத்துவிட்டது. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஒருவனை அடித்தால் நாற்பது பேர் முதுகும் கூசுகிறது. நடத்துகிறவள் நான், எனக்குத் தெரியும். அடுத்து என்னைக் கேட்பாரோ என்ற பயத்தில் யாருக்கும் பாடம் ஏறாது. ஈசன் அடிப்பான் என்று சொல்லும் அதே சைவம்தான், கேட்க நாதியற்ற கிழவியின் கூலியாளாக வந்து அவன் அடி வாங்கினான் என்றும் சொல்கிறது. ஆசிரியர் எந்தப் பக்கத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும்? அடிக்கிற ஈசன் பக்கத்தில் என்றால், அது நம்மில் யாருக்கும் பொருந்தாத பெரிய சட்டை. கையில் பிரம்போடு நிற்கும் நமக்குக் கதையில் இருப்பது பாண்டியனுடைய இடம் மட்டும்தான்.

சரி, அரிவாளுக்கு வருவோம்.

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த குற்றம், தன்னை மிரட்டி வதைத்தவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்னது. பிள்ளைகள் பாஷையில் ‘போட்டுக்கொடுத்தது’. அந்தப் பையன் பிழைத்து, மறு வருஷம் பிளஸ் டூவில் 469 மதிப்பெண் எடுத்தான். நாங்குநேரிக்கு முந்தைய வருஷம், 2022 ஏப்ரலில், அதே மாவட்டத்தில் பள்ளக்கால் பொதுக்குடியில், கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றிய தகராறில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் செத்தே போனான்.

பள்ளியில் அடித்ததால் சாதி வெறி வந்தது என்று சொல்லவில்லை. சாதி வெறிக்குப் பள்ளிக்கூடத்தைவிட வயசு அதிகம். யார் மேல் தங்கள் கோபம் பலிக்கும் என்பதை அந்தப் பையன்கள் தெருவிலும் வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். அதை மறுத்துச் சொல்லக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம். அங்கே வந்து பார்த்தால் கரும்பலகைப் பட்டியலும் அதையேதான் சொல்கிறது. ‘எஸ்.சி. பிள்ளைகள்லாம் எந்திரிச்சு நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு’ என்று நடு வகுப்பில் கூப்பிடுகிற குரலும் அதையே சொல்கிறது. உதவித்தொகை கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள். எழுந்து நிற்கிறவர்களை உட்கார்ந்திருப்பவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கயிற்றைத் தடுக்க 2019-லேயே பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிற்று நிறத்தை வைத்துப் பிள்ளைகள் அணி பிரிகிறார்கள் என்று அதில் இருந்தது. இந்து மதத்துக்கு விரோதம் என்று எதிர்ப்புக் கிளம்பியது, அமைச்சரே பின்வாங்கினார். நான் தினமும் திருநீறு பூசுகிறவள், பிரதோஷம் தவறாதவள். ஆகவே கொஞ்சம் உரிமையோடு கேட்கிறேன். சாமி கயிறு என்றால் தெருவுக்குத் தெரு நிறம் எப்படி மாறும்? நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் எதுவும் கூடாது என்கிறது அது. நெற்றி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சாம்பல் எல்லோருக்கும் ஒரே நிறம், பிரிப்பது அதுவல்ல. கயிற்றைப் பற்றியும், வகுப்பில் சாதியைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்பதைப் பற்றியும் குழு சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்கமாட்டேன்.

ஆசிரியர்கள் மட்டுமே அடிக்கிறார்கள் என்று முடித்தால் அதுவும் பொய்யாகும். 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். டைரியில் அவனைப் பற்றி வீட்டுக்கு எழுதினார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அம்மா பிரம்பெடுத்ததாக யாரும் சொல்லவில்லை, பேனாதான் எடுத்தார். அதற்குப் பிறகு சில நாள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் சிவப்பு மையைத் தொடவே பயந்தோம். டைரிக் குறிப்பு சில வீடுகளில் பெல்ட்டாக மாறும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்தப் பையன் வீட்டில் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதி அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும் வீட்டைப் பற்றி யோசிக்காமல் இருப்பது எங்கள் தொழிலில் பழகிப்போன ஒன்று.

அரிவாள் எடுத்தவனுக்கும் தண்டனை வேண்டாமா என்று தலைமையாசிரியர் கேட்பார். வேண்டும். வெட்டுப்பட்டவன் அதே பஸ்ஸில் அவனோடு போகக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. கொடுங்குற்றம் என்றால் பதினாறு தாண்டியவனைப் பெரியவனாக வைத்து விசாரிக்கவும் 2015-இல் வழி வைத்திருக்கிறார்கள். தண்டிக்கிறவருடைய கோபம் அதில் கலக்கக் கூடாது, ஊராட்சித் தலைவர் மகனானாலும் சூளைக்காரி மகனானாலும் ஒரே கை விழ வேண்டும். மறக்கருணைக்கு மனிதர் எட்டக்கூடிய கிட்டத்து வடிவம் அதுதான். நீதிமன்றத்துக்கே அது கஷ்டம். ஐந்தாம் பீரியடில் பசியோடு நிற்கிற வாத்தியாருக்கு முடியவே முடியாது. டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுப்பதும் தண்டனையில் சேராது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் பார்சல் அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

தடுப்பதற்கென்று வந்தவை பலவற்றைப் பார்த்துவிட்டேன். ‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டி வைத்தார்கள், நல்ல யோசனை. நான் பார்த்த ஒரு பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலிலேயே ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். சாவியும் அவரிடம். சீட்டோடு அந்த வாசலுக்குப் போகிற பிள்ளையை முழு வராந்தாவும் பார்க்கும். சாயங்காலத்துக்குள் ‘போட்டுக்கொடுத்தவன்’ யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். 14417, 1098 என்ற உதவி எண்களைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். பள்ளியில் போன் கிடையாது, வீட்டுப் போன் அப்பன் சட்டைப்பையில் இருக்கும். அறநெறி வகுப்பு வைக்கலாம் என்கிறார்கள். வைக்கட்டும், நடத்துவதற்குத் தமிழாசிரியரைத்தான் கூப்பிடுவார்கள். வெகுளாமையை நாங்கள் நடத்திய லட்சணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

சந்துரு குழு அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் படித்த பரிந்துரை ஒன்று உண்டு. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது அது. பாடம் எடுக்காத, மதிப்பெண் போடாத, ரிசல்ட் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டாத ஓர் ஆள் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தால் மேலிருந்து இறங்கி வரும் கோபம் அவரைத் தொடாது. பிள்ளை அவரிடம் பேசும். அவருக்கு மேஜை நாற்காலி எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், ஆபீஸ் பக்கம் வேண்டாம் என்பேன். தண்ணீர்க் குழாய்க்கு அருகில் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறை எல்லாப் பள்ளியிலும் இருக்கும். அதில் பாதியைக் கொடுக்கலாம். தண்ணீர் குடிக்கப் போகிற பையனை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.